நெருப்புக்கும் உத்தரத்துக்கும் நடுவே

குளிர்நாட்டு வீடுகளின் வரலாற்றை, நெருப்புக்கும் மரத்துக்கும் இடையே மனிதர் விட்டுவைத்த இடைவெளியின் வரலாறாகவும் நாம் படிக்கலாம். அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் இன்றும் எழும் ஒரு சிறு கேள்வி அவ்வரலாற்றின் தொடர்ச்சியே. தரையை ஒட்டி நிற்கும் இரும்பு விறகடுப்பை, குனியாமல் விறகிடவும் சாம்பல் அள்ளவும் ஏதுவாக, மேடையிட்டு உயர்த்தலாமா என்பதே அக்கேள்வி.

1631இல் பாஸ்டனில் ஒரு வீட்டின் புகைபோக்கி தீப்பிடித்தது. மரச் சிம்புகளால் கட்டிக் களிமண் பூசிய புகைபோக்கி அது, மேற்பகுதியில் பூச்சில்லை. தீ வைக்கோல் கூரைக்குத் தாவி வீட்டை அழித்தது. மரப் புகைபோக்கியும் வைக்கோல் கூரையும் இனிக் கூடாது என்ற முடிவு உடனே பிறந்தது. பின்னாளில் நியூயார்க் ஆகிய நியூ ஆம்ஸ்டர்டாமிலும் 1648இல் இத்தகைய தடை வந்தது. புகைபோக்கிகளைச் சோதிக்கக் காவலர் அமர்த்தப்பட்டனர்.

அடுத்த திருப்பம் இரும்பினால் வந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் தொடக்கத்தில் தாம் வடிவமைத்த இரும்புக் கணப்பை 1744இல் ஒரு சிறுநூலால் விளக்கினார். காப்புரிமை தர முன்வந்தபோது ஏற்க மறுத்தார். அதுவரை கற்சுவரின் குழிக்குள் அடங்கியிருந்த நெருப்பு, இரும்பை உடுத்தி அறைக்குள் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடிய இரும்படுப்புகள் பெருகின. விறகு மிச்சமாயிற்று, ஆனால் இரும்பு நாற்புறமும் மேலேயும் வெப்பத்தை வீசும். கல் செய்துவந்த காவலை இனி வெற்றிடமே செய்ய வேண்டியதாயிற்று.

1973இன் எண்ணெய் நெருக்கடி, மறக்கப்பட்டிருந்த விறகடுப்பை மீண்டும் வீடுகளுக்கு அழைத்து வந்தது. பல அடுப்புகள் நிலவறைக்குப் போயின. அங்கே தரை காங்கிரீட். தலைக்குமேலோ தாழ்வான மர உத்தரங்கள். 1983இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், பாதுகாப்பான இடைவெளிகளை அடுப்பின் மீதே பொறித்திருக்க வேண்டுமென விதித்தது.

இவ்விதிகளுக்குப் பின்னே ஒரு நுட்பமான உண்மை உள்ளது. மரம் எரிய நெருப்பு தொட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் சூடேறும் உத்தரம் உள்ளுக்குள் மெல்லக் கரியும். புதுமரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அது பற்றக்கூடும். பத்துக் குளிர்காலம் தீங்கின்றிக் கழிந்தது என்பது பதினோராம் குளிர்காலத்துக்கு உறுதிமொழி ஆகாது.

1896இல் தோன்றிய தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் நெறிமுறை, சோதனைச் சான்று பெறாத அடுப்புக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 36 அங்குலம் கேட்கிறது. சான்று பெற்ற அடுப்புக்கு அதன் கையேடு சொல்லும் அளவே சட்டம். ஆகவே மேடையின் உயரத்தை மேலிருந்தே கணக்கிட வேண்டும். உத்தரத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 78 அங்குலம், சான்றில்லா அடுப்பின் உயரம் 32 அங்குலம் எனில், 36ஐ விட்டபின் மேடைக்கு எஞ்சுவது 10 அங்குலமே. உத்தரத்துக்குக் கீழே ஓர் அங்குலக் காற்றிடைவெளி விட்டு உலோகத் தகடு அமைத்தால் 36ஐ 18ஆகக் குறைக்க அந்நெறிமுறை இடந்தருகிறது; மரத்தின் மீதே தகட்டை அறைந்துவிட்டால் அச்சலுகை இல்லை. மேற்கூரையில் அடித்த ஜிப்சம் பலகையும் பின்னுள்ள மரத்தை எரியாப் பொருளாக்கிவிடாது.

குழாயையும் மறக்கலாகாது. ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கு மரத்திலிருந்து 18 அங்குலம் தேவை. அது புகைபோக்கியை நோக்கி அடிக்குக் கால் அங்குலமாவது ஏற வேண்டும். சுவரிலுள்ள துளை நகராது. அடுப்பை மிக உயர்த்தினால் இந்த ஏற்றம் அழிந்து புகை அறைக்குத் திரும்பும். மேடையோ செங்கல், காங்கிரீட் போன்ற எரியாப் பொருளால், அசையாமல் அமைய வேண்டும்.

முதுகின் நோவு அன்றாடம் முறையிடுகிறது; உத்தரம் முறையிடுவதில்லை. பேசாத அதற்காகப் பேசவே, வெந்த வீடுகளிலிருந்து கற்றவர்கள் இந்த அங்குலங்களை எழுதி வைத்தனர். மேடை எழுப்பும் முன் அளவுகோலை முதலில் உத்தரத்தில் வைப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.