ஆறு மாதக் கெடுவும் அப்பா போடாத கையெழுத்தும்



போன வாரம் துபாயில் தொழில் செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "சார், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில் பணம் போட்டால் குடியுரிமை கிடைக்கும் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். கையில் இருப்பதோடு ஊரில் இருக்கிற நிலத்தையும் விற்றால் சமாளித்துவிடலாம். எல்லாம் பாப்பாவுக்காகத்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"இரண்டு நாள் பொறு தம்பி" என்றேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அவன் சொன்ன வகைக்குப் பேர்போன நாடு மால்டா. மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடு. பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரிப் பகுதியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். 2014இல் பணத்துக்குக் குடியுரிமை தரும் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. பின்னாளில் இருந்த விதிப்படி, மூன்று ஆண்டு அங்கே வசிப்புரிமை வைத்திருந்தால் 6 லட்சம் யூரோ, ஓராண்டு போதும் என்றால் 7.5 லட்சம் யூரோ. வீடு வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ தனிச் செலவு. அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் வாழலாம், வேலை பார்க்கலாம். சைப்ரஸும் இப்படி ஒரு திட்டம் நடத்தி, முறைகேடுகள் வெளியானதால் 2020 நவம்பரில் நிறுத்தியது. மால்டாவின் திட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. குடியுரிமை என்பது நாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள பிணைப்பு, அதை வியாபாரமாக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா என்று முதலில் அவரிடம் கேள் தம்பி.

இன்னொரு நாட்டுக் குடியுரிமை என்பது நம் கொம்யூன்களுக்குப் புதிய கதை இல்லை. அதற்கு நம் ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விலை கொடுத்திருக்கிறார்கள்.

முதல் விலை, பெயரும் வழக்கமும். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டால் பிரெஞ்சுக்காரருக்குரிய சட்டநிலை கிடைக்கும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனது அப்படித்தான். இன்றும் நம் ஊர்களில் தமிழ் முகத்தோடு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறோமே, அதில் பல பெயர்கள் இந்த ஆணையின் வழியாக வந்தவை.

இரண்டாவது விலை, ஒரு கையெழுத்து. 1954 அக்டோபர் 18 அன்று நம் வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படியான இணைப்பு, 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் நடந்தது.

அந்த ஒப்பந்தத்தில்தான் நம் தலையெழுத்து இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சு நாட்டினர் அன்றிலிருந்து இந்தியர். பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் முடிவே முடிவு.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நம் கிராமங்களும் அன்றைய தென்னார்க்காடு கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பவை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பிரெஞ்சுத் தகப்பனுக்குப் பிள்ளையாகி, ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பாட்டி வீட்டில் பிறந்தவர்கள், பிரெஞ்சு எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள் என்ற கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போடாமலே பிரெஞ்சு நேஷனாலிட்டி நீடித்தது. அண்ணன் ஒரு நாட்டுக்காரன், தம்பி இன்னொரு நாட்டுக்காரன். பிரசவம் பார்த்த வீடுதான் காரணம்!

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெரியப்பா சொல்தா. சைகோனில் இருந்து திரும்பி பென்ஷன் வாங்கியவர். அவர் உடனே கையெழுத்துப் போட்டார். அப்பாவிடம் வந்து, "வாடா, ஒரு கையெழுத்துதானே" என்று இரண்டு முறை கூப்பிட்டாராம். கெடு முடிவது 1963 பிப்ரவரி நடுவில். சம்பா அறுப்பு நேரம். "களத்தில் நெல் கிடக்கிறது, பார்ப்போம்" என்றார் அப்பா. கெடு முடிந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டத் திண்டாடியபோது, பெரியப்பா மகன் பாரிஸ் பக்கத்திலிருந்து லீவுக்கு வந்து நின்றான். அன்று ராத்திரி அப்பாவிடம் கோபமாகக் கேட்டேன், "மறந்துவிட்டீர்களா?" என்று. அவர் சொன்னார்: "மறக்கவில்லை. நாளைக்கு இந்த நிலத்தில் நின்றால் நீ எந்த ஊர்க்காரன் என்று எவனாவது கேட்பானோ என்று பயம். உன் அம்மாவும் அழுதாள்." அன்று அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பல வருஷம் போதவில்லை.

பெரியப்பா கடைசிவரை ஊரில்தான் இருந்தார். பென்ஷன் தவறாமல் வந்தது, குறையில்லை. ஆனால் நம் ஊர்த் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு நாளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மை வைத்த விரலோடு வருகிறவர்களை "யாருக்குப் போட்டே?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது விலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்றால் சீர்வரிசை ஏறும். காணியை விற்றுக் கட்டிக் கொடுத்த தகப்பன்மார் நமக்குத் தெரிந்தவர்களே. கட்டியவுடன் கிடைத்துவிடுவதும் இல்லை. இன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி குறைந்தது நான்கு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகே விண்ணப்பிக்க முடியும். அதற்குள் பெண் பட்ட பாட்டை எந்தத் தஸ்தாவேஜிலும் எழுதுவதில்லை. மால்டாவுக்கு முன்பே நாம் நிலத்தை விற்றுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள்தான்.

இப்போது உன் கேள்வி தம்பி. விற்காதே என்று நான் சொல்லவில்லை. போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தெரிந்து செய். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீயாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ அட்டை வாங்கலாம். வந்து போகலாம், தங்கலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அதாவது, இன்று விற்கிற அந்த வயலை நாளைக்கு மனசு மாறித் திரும்ப வாங்க நினைத்தாலும் உன்னால் முடியாது.

இன்னொன்று. 1963இல் என்னைக் கேட்க வழியில்லை, நான் பேச்சே வராத குழந்தை. உன் மகளுக்குப் பதினாறு வயது என்றாய். அவளுக்காகத்தான் என்கிறாய். அவளைக் கேட்டாயா? இந்த லீவுக்கு ஊருக்குக் கூட்டி வா. ஏரிக்கரையில் ஒருநாள் நடக்கட்டும், பெரியப்பா கதையையும் அப்பா கதையையும் நானே அவளுக்குச் சொல்கிறேன். பிறகு இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

உங்கள் வீடுகளிலும் 1962 கதை இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கீழே எழுதினால் நானும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்