ஓவிய சிகிச்சை: நாஜி முகாமில் குழந்தைகளுக்குக் கைகொடுத்த கலர் பென்சில்!

'குழந்தை கையில கலர் பென்சிலைக் கொடுத்தா கவலை பறந்துடும், அதுதானே ஓவிய சிகிச்சை?' என்று கேட்பவர்கள் உண்டு. விஷயம் அவ்வளவு எளிதல்ல. இந்த சிகிச்சை முறையின் வேர்களில் ஒன்று, இரண்டாம் உலகப்போர் காலத்தில் செக் மண்ணில் இருந்த டெரசின் முகாமில் இருக்கிறது.

யார் இந்த ஃப்ரீடல்?

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ், 1898-ல் வியன்னாவில் பிறந்த யூத ஓவியர். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் டெரசினுக்கு அனுப்பப்பட்டபோது, தன் சாமான்களோடு ஓவியப் பொருட்களையும் எடுத்துப் போனார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் கிடந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். நல்ல பேப்பர் ஏது? பழைய ஆபீஸ் படிவங்களிலேயே படம் வரைந்தார்கள், வெட்டி ஒட்டினார்கள்.

பிள்ளைகள் பூ, பட்டாம்பூச்சி, விட்டுவந்த வீடு எல்லாம் வரைந்தார்கள். முகாமின் அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதணும் என்பதில் ஃப்ரீடல் கறாராக இருந்தார். நம்பராக மாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமா என்ன? அவர்களை ஓவியர்கள் ஆக்குவது அவர் நோக்கமே இல்லை.

1944 அக்டோபரில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்ட ஃப்ரீடல் அங்கே கொல்லப்பட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். ஓவியம் அவர்கள் உயிரைக் காப்பாற்றவில்லை. இருந்த நாட்களைத் தாங்கிக்கொள்ளத்தான் உதவியது. 2 சூட்கேஸ்களில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

சிகிச்சையாக மாறியது எப்படி?

ஃப்ரீடலின் மாணவி ஈடித் கிராமர் 1938-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மனப் பிரச்னைகள் உள்ள சிறுவர்களுக்கான பள்ளியில் வேலை செய்தார். வரைந்த படத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதைவிட, வரையும் செயலே மனதை ஆற்றும் என்பது அவர் வாதம். கோபத்தில் களிமண்ணை அடித்து நொறுக்கும் பையன், அதே மண்ணில் ஒரு உருவம் செய்து முடிக்கும்போது கோபத்தைக் கையாளப் பழகுகிறான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

'இது என்னடா, யானையா?' என்று கேட்காதீங்க. 'இந்தப் படத்தைப் பத்தி சொல்லேன்' என்றால் போதும். மார்க், போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். கறுப்பு கலரில் வரைந்தாலே மனசுல பிரச்னை என்று முடிவுகட்டவும் வேண்டாம். கையில் கிடைத்த பென்சிலாகவும் இருக்கலாம்!

ஆனால் பயங்கரமான ஒரே காட்சியை திரும்பத் திரும்ப வரைவது, தூக்கம் கெடுவது, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது என வாரக்கணக்கில் தொடர்ந்தால், கலரிங் புக் மட்டும் போதாது. குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416.