மாடிப்படியில் தொடங்கிய பள்ளி



நாமெல்லாம் அடுக்குமாடியில் வாழ்பவர்கள். ஆகவே ஓர் அடுக்குமாடியில் நடந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தால் இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் கட்டணம்தான். ஆனால் மரியா மாண்டிசோரி அம்மையாரின் முதல் பள்ளி, ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இலவசமாகத் திறக்கப்பட்டது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தாலியின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த மோசமான வீடுகளைச் சீர்செய்து தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின், பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடியாடி, சுவர்களைப் பாழாக்கினார்கள். நிறுவனத்தார் கணக்குப் போட்டார்கள். பழுதுபார்க்க ஆகும் செலவைக் கொண்டே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் ஓர் ஏற்பாடு செய்துவிடலாம் என்று தெரிந்தது. பொறுப்பு மருத்துவரான மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6 அன்று அந்தக் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரம் ஒருமுறையாவது தாய் வந்து ஆசிரியையோடு பேச வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

நம் சங்கக் கூட்டங்களில் பராமரிப்புச் செலவைக் குறைக்க எத்தனையோ யோசனை வந்திருக்கிறது. இப்படி ஒன்று இதுவரை வரவில்லை!

1939இல் மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அவருடைய முறை நாடெங்கும் பரவியது. ஆனால் அதற்கான மரக்கட்டைகளும் மணிகளும் விலை கூடியவை. ஏழைக்காகப் பிறந்த பள்ளி, நாளடைவில் வசதி உள்ளவர்களின் பள்ளியாகிவிட்டது.

அதைத் திரும்ப ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் தாராபாய் மோடக் என்ற மராட்டியப் பெண்மணி. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கிய பால மந்திரில் பணியாற்றிப் பழகியவர். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியில் ஒரு பாலர் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற இளம் ஆசிரியை துணைக்கு வந்தார். சிறு வயதிலேயே மணம் முடிந்து, சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர் அவர்.

பள்ளி திறந்தும், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புப் பிள்ளைகள் வரவில்லை. அவர்களை அழைத்துவர வீட்டில் ஆள் இல்லை. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கோ தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வேலை. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று முடித்திருப்போம். அந்த இரண்டு பெண்களும் பள்ளியையே தூக்கிக்கொண்டு அந்தக் குடியிருப்பின் முற்றத்துக்குப் போனார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள், பிறகு பாடம் நடத்தினார்கள். விலை உயர்ந்த சாதனங்களுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை, பூ. முற்றத்துக்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். அப்படிப் பிறந்த சொல்தான் 'அங்கன்வாடி'. பின்னர் கோஸ்பாட் மலையில் வார்லி பழங்குடிப் பிள்ளைகளுக்காகத் தொட்டில் குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள். அக்காள் படிக்கும்போது தம்பி பக்கத்து அறையில் இருப்பான். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது.

நாம் 'பால்வாடி' என்று சொல்வதும் அங்கிருந்து வந்ததே. பால் கொடுக்கும் இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் 'பால்' குழந்தையைக் குறிக்கும் சொல்.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியபோது, அந்த முற்றத்துப் பெயரையே எடுத்துக்கொண்டது. பாடம் மட்டும் போதாது என்று திட்டம் தீட்டியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மார்களுக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தமிழ்நாடு இதில் தனக்கென ஒரு வழியும் கண்டது. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு, தேறும்வரை கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை அட்டையை வைத்துத் தாய்க்கு விளக்கினார்கள். பிறகு 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு வயது நிறைந்த பால்வாடிக் குழந்தையும் அதில் சேர்க்கப்பட்டது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு முதலில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி தர முயல வேண்டும் என்றது. தொடக்க வயது எதுவும் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 6 முதல் 14 வரை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் அரசு 'முயல வேண்டும்' என்பதோடு நின்றுவிட்டது. உரிமைக்கும் முயற்சிக்கும் உள்ள வித்தியாசம், வங்கியில் காலம் தள்ளிய எனக்கு நன்றாகவே புரியும். காசோலையும் வாக்குறுதியும் ஒன்றல்ல.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது உச்ச நீதிமன்றம். உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று அது ஓர் உத்தரவு போட்டது. கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கே அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று சொன்னது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில், அவர்களின் சிறு பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. நம் குடியிருப்பு எழும்பியபோதும் செங்கல் சுமந்த பெண்களின் பிள்ளைகள் இங்கேதானே மணலில் விளையாடியிருப்பார்கள்?

இந்த வரலாற்றைத் தோளில் சுமப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும். நாட்டில் சுமார் 14 லட்சம் மையங்கள். மத்தியத் திட்டத்தில் அவர்கள் 'கௌரவ' ஊழியர்கள், பெறுவது 'மதிப்பூதியம்'. குஜராத் பெண்கள் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரலில்தான், அவர்களுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராஜுவிட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்னைப் போன்ற எழுத்தர்கள் ஓய்வுபெறும் அன்று கேள்வி இல்லாமல் வாங்கும் தொகை அது. அதற்காக அந்தப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் வீட்டிலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். "பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறாய் அம்மா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கன்வாடியில் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பக்கத்தில் மையம் இருந்தும் காலையில் கொண்டுபோய் விட நேரமில்லை என்றால், அவர் நம் வீட்டுக்கு வரும் நேரத்தை அரை மணி தள்ளி வைத்தால் போதும். நம் காபிக் கோப்பைகள் அதுவரை காத்திருக்கும். அவர்கள் பகுதியில் மையமே இல்லையென்றால், பிள்ளைகளைக் கணக்கெடுத்துக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு விண்ணப்பம் எழுதலாம். மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறேன்.