எண்ணாகிய எழுத்து: இரண்டு இலக்கங்களின் முந்நூறு ஆண்டு வரலாறு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது எமது மரபு. ஒன்று கணக்கு, மற்றது மொழி. பள்ளிக்கூடத்தில் இரண்டும் வெவ்வேறு பாடங்கள். ஆனால் கணனி என்னும் இயந்திரத்தினுள் இவ்வேறுபாடு கிடையாது. அங்கே எழுத்தும் எண்ணே. நாம் கணனியில் 'அ' என்று எழுதும்போது, அவ்வெழுத்து அதனுள் எழுத்தாகச் சென்று தங்குவதில்லை. ஓர் எண்ணாகவே தங்குகின்றது. அந்த எண்ணும் நாம் பழகிய பத்து இலக்கங்களால் ஆனதன்று. பூச்சியம், ஒன்று என்னும் இரண்டே இலக்கங்களால் ஆனது.

எமது பிள்ளைகள் துவித எண், பதினறும எண் என்று பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் கொண்டுவருகின்றனர். ஒன்றும் பூச்சியமுமாக நீளும் வரிகளையும், ஆங்கில எழுத்துகள் எண்களாக நிற்கும் கணக்குகளையும் கண்டு பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டியதில்லை. இவற்றை விளங்கிக்கொள்ளக் கூட்டலும் பெருக்கலும் போதும். அது மட்டுமன்று, அகதிகளாக வந்த மண்ணில் நாம் எழுதியவற்றை எமது பேரப்பிள்ளைகள் வாசிக்க இயலுமா என்ற கேள்வியும் இவ்வெண்களிலேயே தங்கியுள்ளது. ஆதலால் இவற்றின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

நான்கு படிக்கற்கள்

நாம் பத்துப் பத்தாக எண்ணுவது கைவிரல்கள் பத்து என்பதனால். 352 என்று எழுதும்போது வலக்கோடியிலுள்ள 2 ஒன்றுகளையும், நடுவிலுள்ள 5 பத்துகளையும், இடக்கோடியிலுள்ள 3 நூறுகளையும் குறிக்கின்றன. ஓர் இடம் இடப்புறம் நகர்ந்தால் மதிப்புப் பத்து மடங்காகின்றது. துவித முறையில் அது இரு மடங்காகின்றது. வேறுபாடு அவ்வளவே.

ஒரு பலசரக்குக் கடையை எண்ணிப் பார்ப்போம். கடைக்காரரிடம் 8, 4, 2, 1 இறாத்தல் என நான்கு படிக்கற்கள் மட்டுமே உள்ளன. 13 இறாத்தல் அரிசி நிறுக்க வேண்டுமாயின் 8, 4, 1 ஆகிய கற்களைத் தட்டில் வைப்பார். 2 இறாத்தல் கல்லை வைக்கமாட்டார். வைத்த கல்லுக்கு 1 என்றும் வைக்காத கல்லுக்கு 0 என்றும் பெரிய கல்லிலிருந்து வரிசையாக எழுதினால் 1101 வரும். இதுவே 13 இன் துவித வடிவம். இந்நான்கு கற்களைக் கொண்டு 1 முதல் 15 வரையான எந்த நிறையையும் நிறுக்கலாம். ஒவ்வொரு நிறைக்கும் ஒரேயொரு வழியே உண்டு. 16 இறாத்தலுக்கு ஐந்தாவது கல் வேண்டும்.

லைப்னிற்ஸ் கண்ட முறை

இம்முறையை உலகறியச் செய்தவர் ஜேர்மனிய அறிஞரான லைப்னிற்ஸ். 1646 இல் லைப்சிக் நகரில் பிறந்து 1716 இல் ஹனோவரில் மறைந்தவர். 1679 இலேயே துவித எண்களைப் பற்றி இலத்தீன் மொழியில் குறிப்பெழுதினார். துளைகள் திறந்தும் மூடியும் இருக்க, அவற்றினூடாகக் குண்டுகள் உருண்டு கணக்குச் செய்யும் இயந்திரம் ஒன்றையும் அக்குறிப்பிலேயே கற்பனை செய்திருந்தார். சில படிக்கற்களைக் கொண்டு பல நிறைகளை நிறுக்கும் வழக்கத்தைப் பின்னர் தமது கட்டுரையில் அவரும் எடுத்துக்காட்டினார்.

அக்காலத்தில் சீனாவிலிருந்த பூவே என்னும் பிரெஞ்சுப் பாதிரியாருடன் லைப்னிற்ஸ் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். பூவே அனுப்பிய வரைபடம் ஒன்று 1703 இல் அவர் கைக்குக் கிடைத்தது. முழுக்கோடு, முறிந்த கோடு என்னும் இரண்டை ஆறு வரிசைகளில் மாற்றி மாற்றி அடுக்கிய 64 உருவங்கள் அதில் இருந்தன. அவை சீனரின் பழைய நூலான ஈ சிங்கில் உள்ளவை. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64 அல்லவா? தமது எண்முறையைச் சீனர் முன்பே கண்டிருந்தனர் என லைப்னிற்ஸ் மகிழ்ந்தார். அவ்வுருவங்களைக் கொண்டு சீனர் கூட்டலோ கழித்தலோ செய்ததில்லை. எனினும் அம்மகிழ்ச்சியோடுதான் அவருடைய கட்டுரை பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் 1703 ஆம் ஆண்டுத் தொகுதிக்குச் சென்றது.

இவருக்கு முன்பே ஆங்கிலேயரான தோமஸ் ஹரியட் துவித எண்களைத் தமது தாள்களில் எழுதிப் பார்த்திருக்கிறார். அவர் 1621 இல் மறைந்தார், தாள்கள் அச்சேறவில்லை. எழுதிவைத்தது பிறர் கைக்கு எட்டாவிடின் எழுதாததற்கு ஒப்பாகிவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நேரும் நிரையும்

தமிழ் யாப்பு கற்றவர்களுக்கு இந்த எண்ணிக்கை புதிதன்று. அசைகள் நேர், நிரை என இரண்டே. ஈரசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் எனச் சீர்கள் நான்கு. மூவசை சேர்ந்தால் காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக எட்டு. நாலசை சேர்ந்தால் தேமாந்தண்பூ முதலாகப் பதினாறு. 2, 4, 8, 16 என்னும் இவ்வரிசை கடைக்காரரின் கற்கள் செல்லும் வழியிலேயே செல்கின்றது. நேருக்கு 0 என்றும் நிரைக்கு 1 என்றும் குறியிட்டால் தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11 ஆகும். வடமொழியில் பிங்கலர் இயற்றிய யாப்பு நூலும் குறில் நெடில் அடுக்குகளை எண்ணும் விதிகளைக் கூறுகின்றது.

இதனைக் கொண்டு கணனியை நாமே கண்டோம் என்று சொல்ல நாம் முற்படவில்லை. அவ்வாறு சொல்வது வரலாறாகாது. இரண்டே பொருள்களை வரிசைப்படுத்தும் எவரும் இவ்வெண்ணிக்கையை அடைவர் என்பதே உண்மை. காரிகை கற்ற பெற்றோர் தம் பிள்ளையின் கணக்கைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

ஆளியும் மின்னோட்டமும்

லைப்னிற்சின் எண்முறைக்கு நெடுங்காலம் பெரும் பயன் ஏதும் ஏற்படவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 16 வயதிலேயே பள்ளி ஆசிரியராகிய ஜோர்ஜ் பூல், உண்மை, பொய் என்னும் இரண்டைக் கொண்டு சிந்தனையையே கணக்காக எழுதலாம் எனக் காட்டினார். அவருடைய முதன்மையான நூல் 1854 இல் வெளிவந்தது. 1937 இல் அமெரிக்க மாணவர் குளோட் ஷனன், பூலின் கணக்கை மின்சுற்றுகளுக்குப் பொருத்தினார். மூடிய ஆளியில் மின் பாய்கிறது. திறந்த ஆளியில் பாய்வதில்லை. ஒன்றும் பூச்சியமும் அவ்வாறு மின்சாரத்துக்குள் நுழைந்தன.

பேர்லினில் கொன்றாட் சூசே 1941 இல் இயக்கிக் காட்டிய கணனி துவித முறையில் அமைந்தது. 1943 இல் குண்டுவீச்சில் அது அழிந்தது. அமெரிக்காவில் 1946 இல் மக்கள் முன் வைக்கப்பட்ட எனியாக் என்னும் மாபெரும் இயந்திரமோ பத்தின் முறையிலேயே கணக்கிட்டது. அதில் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்கள் ஏறத்தாழ 18,000 இருந்தன. பத்து நிலைகளைப் பிரித்தறிவதிலும் இரு நிலைகளைப் பிரித்தறிவது இயந்திரத்துக்கு எளிது; பிழை குறைவு. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை வொன் நொய்மன் 1945 இல் எழுதிய அறிக்கை, அடுத்த இயந்திரம் துவித முறையில் அமைய வேண்டும் என வலியுறுத்தியது. பின்வந்த கணனிகளுள் பெரும்பாலானவை அவ்வழியே சென்றன.

பதினாறின் தேவை

இயந்திரத்துக்கு எளிதானது மனிதனுக்கு எளிதாக அமையவில்லை. ஒன்றும் பூச்சியமுமாக நீளும் வரியைப் பிழையின்றிப் படியெடுப்பது எவருக்கும் கடினம். அதனால் நான்கு நான்கு இலக்கங்களாகப் பிரித்து ஒவ்வொரு நான்குக்கும் ஒரு குறி கொடுத்தனர். நான்கு இலக்கங்கள் சேர்ந்தால் 16 வகை. 0 முதல் 9 வரை எமது இலக்கங்கள் உள்ளன. 10 முதல் 15 வரையான ஆறுக்கும் தனிக்குறிகள் இல்லாமையால் ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்கினர். இதுவே பதினறும முறை. ஆகவே பதினறும முறை கணனியின் மொழியன்று. கணனியின் மொழியை மனிதர் சுருக்கமாக எழுதும் முறை.

எந்த எழுத்துகளைக் கடன் வாங்குவது என்பதில் தொடக்கத்தில் ஒற்றுமை இருக்கவில்லை. 1952 இல் இயங்கிய இலியாக் என்னும் அமெரிக்கக் கணனி கே, எஸ், என், ஜே, எஃப், எல் என்பவற்றைப் பயன்படுத்தியது. வேறு இயந்திரங்கள் வேறு குறிகளை வைத்திருந்தன. 1964 இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 360 வரிசைக் கணனிகளின் பின்னரே 'ஏ' முதல் 'எஃப்' வரையான எழுத்துகள் பொது வழக்காக நிலைத்தன. எமது கடைக்காரரின் 1101 இம்முறையில் 'டி' என்னும் ஒரே எழுத்தாகும்.

அக்கணனிகளில் எட்டு இலக்கங்கள் கொண்ட தொகுதியே அடிப்படை அலகு. அவ்வலகை இன்று உலகம் 'பைட்' என அழைக்கின்றது. இச்சொல்லை 1956 இல் ஆக்கியவர் வேர்னர் புக்கோல்ஸ். 1922 இல் ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நாட்சிகளின் ஆட்சிக்குத் தப்பி 1938 இல் இங்கிலாந்தை அடைந்தார். 1940 இல் பகைநாட்டவர் எனப் பிடிக்கப்பட்டுக் கனடாவிலுள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டார். விடுதலையான பின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கற்றார்; பின்னர் ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்தார். எமது பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் ஒரு சொல் அகதி ஒருவரின் ஆக்கம் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

'அ'வின் எண் எது?

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வேலையிலும் முதலில் குழப்பமே நிலவியது. 1963 இல் அமெரிக்கா வகுத்த ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். அவற்றில் ஆங்கிலத்துக்கு மட்டுமே இடமிருந்தது. 1990களில் கணனியில் தமிழ் எழுத விரும்பியவர்கள், ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்துவைத்தனர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'அ', ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்தின் இடத்தில் இருந்தது. அதன் எண் 109; பதினறும முறையில் 6டி. வேறு எழுத்துருக்கள் வேறு இடங்களைக் கொடுத்தன.

இதன் விளைவு யாது? பாமினியில் எழுதிய 'அம்மா', பாமினி இல்லாத கணனியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தோன்றும். எண்கள் அழியவில்லை, ஆனால் அவற்றுக்கு நாம் கொடுத்த பொருள் மறைந்துவிடுகின்றது. இலியாக் காலத்துக் குழப்பமே எமது மொழியில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

1991 இல் வெளிவந்த யுனிகோட் அட்டவணை உலக எழுத்துகளுக்குப் பொது எண்களை வகுக்கத் தொடங்கியது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'அ'வின் பதினறும எண் 0பி85. பிள்ளையை அருகில் இருத்திக் கணக்கிட்டுப் பாருங்கள்: பி என்பது 11. 11 ஐ 256 ஆல் பெருக்க 2816. 8 ஐ 16 ஆல் பெருக்க 128. கடைசியில் 5. மொத்தம் 2949. ரொறன்ரோவிலும் பாரிசிலும் யாழ்ப்பாணத்திலும் யுனிகோட்டில் எழுதப்படும் 'அ'வுக்கு இன்று இதுவே எண்.

1990களில் எம்மவர் எழுதியவை ஏராளம். பத்திரிகைகள், சங்க மலர்கள், ஊர்களின் வரலாறுகள், நினைவு மலர்கள், தமிழ்ப் பள்ளிகளின் பாடங்கள் எனப் பலவும் அக்கால எழுத்துருக்களில், ஃபுளொப்பி டிஸ்க்குகளில் தங்கியுள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீ உண்டது. நூல்கள் அழியத் தீதான் வேண்டும் என்பதில்லை. அவற்றின் எண்களுக்குப் பொருள் தெரிந்தவர் இல்லாது போனாலும் போதும். அத்தகைய டிஸ்க்குகள் வீட்டில் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் இருக்கும்போதே உறையில் எழுதிவையுங்கள். பழைய எழுத்துருவை யுனிகோட்டுக்கு மாற்றும் செயலிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. டிஸ்க்குகளின் காந்தப் பதிவு ஆண்டுதோறும் மங்கிவருவதால் இவ்வேலையைப் பின்போடுவதற்கில்லை.

துவித எண் கற்ற பிள்ளை இவ்வேலைக்குத் தகுதியான பிள்ளை. தமிழ் வாசிக்கத் தெரிந்த பெற்றோர் அதற்குத் தகுதியான துணை. ஒருவர் எண்ணை அறிவார். மற்றவர் எழுத்தை அறிவார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் அப்பக்கங்களை மீட்டுவிடலாம்.