காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு பூமா

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் கோடல்மிங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1964 செப்டம்பரிலிருந்து 1966 ஆகஸ்ட் வரை அந்த ஊர்க் காவல் நிலையத்தில் 362 தகவல்கள் பதிவாயின. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத பூமா என்ற பெரும்பூனையை அந்த வட்டாரத்து வயலிலும் வேலியோரத்திலும் பார்த்ததாக மக்கள் வந்து சொன்னவை அவை. இரண்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் தகவல் வந்துகொண்டிருந்தது; விலங்கு மட்டும் அகப்படவில்லை. பத்திரிகைகள் அதற்கு 'சர்ரே பூமா' என்று பேர் வைத்தன. அறுபது ஆண்டுகள் கடந்தும் பிரிட்டனில் அந்தப் பேச்சு ஓயவில்லை. எக்ஸ்மூருக்கு ஒரு மிருகம், பாட்மின் மேட்டுநிலத்துக்கு ஒரு மிருகம் என்று வட்டாரத்துக்கு ஒன்றாகப் பெருகியது. அந்தத் தீவில் பெரும்பூனைகள் கூண்டிலிருந்து தப்பித் திரிந்ததுண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் அப்படித் திரிந்த ஒவ்வொரு பூனையும் விட்டுச்சென்ற தடயத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், யார் கையிலும் சிக்காமல் குட்டி போட்டுப் பெருகும் கூட்டமொன்று அங்கே வாழ்கிறது என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சியாகவே அவை நிற்கின்றன.

நம்புகிறவர்கள் சொல்லும் காரணம் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். 1960களின் லண்டனில் காட்டு விலங்கை வளர்ப்பது பணக்காரர்களின் மோஸ்தராக இருந்தது. ஹாரட்ஸ் பல்பொருள் அங்காடியில் சிங்கக்குட்டியை விலைக்கு வாங்கலாம். 1969இல் இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் அப்படி வாங்கிய கிறிஸ்டியன் என்ற சிங்கம் செல்சி பகுதியில் ஒரு மரச்சாமான் கடையில் வளர்ந்தது. பின்னாளில் கென்யாவுக்கு அனுப்பப்பட்டு உலகப் புகழ் பெற்றது. 1976இல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், ஆய்வுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். செலவுக்கு அஞ்சிய சிலர் இரவோடிரவாக விலங்குகளைக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்பது கதை. அயல்நாட்டு விலங்கை வெளியே விடுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1981இல்தான் வந்தது என்பதால், இடைப்பட்ட ஐந்தாண்டில் விட்டவர்களுக்கு அந்தப் பயமும் இருந்திருக்காது. சிலர் விட்டிருக்கலாம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காட்டில் ஒரு சிறுத்தை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழ்ந்தால் அது நீண்ட ஆயுள். 1976இல் விட்டது 1990களைத் தாண்டியிருக்காது. இன்றும் பார்க்கிறோம் என்றால், விட்ட ஆணும் விட்ட பெண்ணும் தேடிச் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் குட்டி ஈன்றிருக்க வேண்டும். 'யாரோ விட்டார்கள்' என்பதிலிருந்து 'பெருகிவிட்டன' என்பதற்கு எத்தனை தூரம் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் நிதானிப்பதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் காலவரிசையில் இருக்கிறது. கோடல்மிங் பதிவேடு சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தியது. இன்னும் பின்னே போகலாம். பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் 1903 வாக்கில் டெவன் மாவட்டத்தில் சுடப்பட்ட ஒரு விலங்கின் உடல் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2013இல் ஆய்வாளர்கள் அதன் எலும்பையும் பல்லையும் சோதித்து, அது கனடா நாட்டு லிங்க்ஸ் என்னும் பூனையின விலங்கு என்றும், நெடுங்காலம் கூண்டில் வளர்ந்தது என்றும் முடிவுசெய்தார்கள். அதற்கும் முன்னே வில்லியம் காபெட். 1763இல் பிறந்த இந்த எழுத்தாளர், 1830இல் நூலாக வந்த தன் கிராமப் பயணக் குறிப்புகளில், சிறுவனாக இருந்தபோது வேவர்லி மடத்து இடிபாடுகளுக்கருகே நடுத்தர ஸ்பானியல் நாயளவு பெரிய பூனையொன்று பொந்துவிழுந்த மரத்துக்குள் நுழைவதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். வீட்டில் சொல்லித் திட்டும் அடியும் வாங்கியதாகவும் சேர்த்தே சொல்கிறார். பிற்காலத்தில் வட அமெரிக்காவில் லிங்க்ஸைப் பார்த்தபோது, அன்று கண்டது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. வேவர்லி இருப்பதும் சர்ரேயில்தான். கோடல்மிங்குக்கு அதிக தூரமில்லை. பெரும்பூனை ஆதரவாளர்கள் காபெட்டைத் தங்கள் முதல் சாட்சியாக உற்சாகத்தோடு முன்னிறுத்துவார்கள். அவரை ஏற்றுக்கொண்டால் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காரணமாகக் காட்டுவது ஆட்டம்கண்டுவிடும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறுவன் தான் கண்டதைச் சொன்னபோது அடி விழுந்தது. 1964இல் அதே மாவட்டத்தில் சொன்னவருக்குத் தேதியும் இடமும் போட்டு ஒரு பதிவு கிடைத்தது. இரண்டு காலத்துக்கும் இடையே மாறியது பூனையா, கேட்கும் காதா என்பதுதான் ஒரு வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி. பதிவேடு ஒன்றைத் திறந்துவிட்டால், அதுவரை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்த நிழல்களெல்லாம் அதற்குள் வந்து சேரும். பத்திரிகையில் பூமா என்று அச்சானபின், அடுத்து பார்ப்பவர் பார்ப்பதும் பூமாவாகவே இருக்கும். 1983இல் எக்ஸ்மூரில் இது உச்சத்துக்குப் போனது. ஒரு பண்ணைக்காரர் மூன்று மாதத்தில் நூறு ஆடுகளுக்கு மேல் பறிகொடுத்ததாகச் சொல்ல, அரசுக் கடற்படையின் மரீன் வீரர்களே குறிபார்க்கும் துப்பாக்கிகளோடு மேட்டுநிலத்தில் பதுங்கிக் காத்திருந்தார்கள். கொண்டுவந்து காட்ட ஒரு சடலமும் கிடைக்கவில்லை. ஆனால் மரீன்களே வந்தார்கள் என்ற செய்தி, மிருகம் இருப்பதற்கான ஆதாரமாகவே மாறிப்போனது.

எல்லாவற்றிலும் பயனுள்ள ஆவணம் 1995இல் வந்தது. கார்ன்வால் மாவட்டத்தின் பாட்மின் மேட்டுநிலத்தில் ஆடுகள் சாவது பற்றிப் புகார்கள் குவிந்ததால், வேளாண் அமைச்சகம் இரண்டு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் ஆறு மாதம் வேலை செய்தார்கள். மிருகத்தைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட புகைப்படங்களையும் வீடியோக்களையும் வாங்கிக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட அதே இடத்துக்குப் போய், விலங்கு நின்ற அதே கல்சுவரின்மீதும் வாயிற்கம்பத்தருகிலும் அளவுகோலை நிறுத்திப் பார்த்தார்கள். புலன்விசாரணையில் இதைவிட எளிய யோசனை இருக்க முடியாது. படத்தில் சிறுத்தைபோலத் தெரிந்தது தோளுயரத்தில் சுமார் ஓரடிதான் இருந்தது. அதாவது வீட்டுப் பூனை. பெரும்பூனை இருப்பதற்குச் சரிபார்க்கத்தக்க ஆதாரம் ஏதுமில்லை என்று ஜூலையில் அறிக்கை வெளிவந்தது. கூடவே, இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் இயலாது என்று நேர்மையாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருந்தார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அறிக்கை வந்து சில நாளிலேயே, ஃபோவி ஆற்றில் ஒரு சிறுவன் பெரிய கோரைப்பற்களோடு கூடிய மண்டையோடொன்றைக் கண்டெடுத்தான். அமைச்சகம் மூக்குடைபட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சோதித்தது. அது இளம் ஆண் சிறுத்தையின் மண்டையோடுதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பின்பகுதி, தலையோடு கூடிய தோல்விரிப்பு செய்பவர்கள் வெட்டும் விதத்தில் வெட்டப்பட்டிருந்தது. பிரிட்டனின் குளிரில் வாழாத வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு ஒன்றும் உள்ளே இருந்தது. யார் வீட்டு வரவேற்பறையிலோ கிடந்த விரிப்பின் தலை ஆற்றுக்கு எப்படிப் போனது என்பது வேறு விசாரணைக்குரிய விஷயம்.

இனி உண்மையான பூனைகளுக்கு வருவோம். 1980இல் ஸ்காட்லாந்தின் கேனிக் பகுதியில் ஆடுகளை இழந்த ஒரு விவசாயி கூண்டு வைத்தார்; பெண் பூமா ஒன்று சிக்கியது. ஃபெலிசிட்டி என்று பேர் வைத்து ஒரு வனவிலங்குப் பூங்காவில் வளர்த்தார்கள். நன்றாகத் தின்று கொழுத்து, மனிதர் தொட்டால் சுகமாகக் காட்டிக்கொண்டு நின்ற பூனை அது. 1985இல் செத்தபின் பதனிட்டு இன்வர்னெஸ் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1988இல் ஹேலிங் தீவில், ஆசியாவைச் சேர்ந்த, நம் ஊர்ப் புதர்க்காடுகளிலும் திரிகிற காட்டுப்பூனை ஒன்று செத்துக் கிடந்தது. 1991இல் நார்ஃபோக் பக்கம் ஒரு லிங்க்ஸ் சுடப்பட்டது. 2001இல் லண்டன் மாநகரத்துக்குள்ளேயே கிரிக்கிள்வுட் பகுதியில் ஒரு லிங்க்ஸை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 'பார்த்தீர்களா, இருக்கின்றன' என்று இந்தப் பட்டியலைக் காட்டுவது வழக்கம். இருந்தன. ஒவ்வொன்றாக, தனித்தனியாக இருந்தன. ஆட்டைக் கொன்றன, வண்டிக்கு முன் வந்தன, தோட்டத்தில் உட்கார்ந்தன, பிறகு உடலாகவோ உயிராகவோ கைக்கு வந்தன. ஒற்றைப் பூனைக்கே இந்தக் கதி என்றால், இனம் பெருக்கும் அளவுக்குப் பலவாக இருப்பவை அறுபது ஆண்டில் எத்தனை முறை கைக்கு வந்திருக்க வேண்டும்!

இதற்கு மறுப்பாக அவர்கள் 1991ஆம் ஆண்டு லிங்க்ஸையே காட்டுவார்கள். அது நியாயமான மறுப்பு. அது சுடப்பட்ட செய்தி பல ஆண்டுகள் வெளியே வரவில்லை. விஷயம் உறுதிப்பட 2006 ஆயிற்று. இப்படி எத்தனை சடலங்கள் புதைந்திருக்கின்றனவோ என்று கேட்கலாம். ஆனால் ஒரேயொரு சடலத்தை ஒளித்ததே பதினைந்து ஆண்டில் வெளியே கசிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான சடலங்களை, ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள், ஒருவர்கூட வாய்தவறாமல் ஒளித்தார்கள் என்பதை நம்ப வேண்டுமானால், மனிதர்களின் நாவடக்கத்தில் அசாத்திய நம்பிக்கை வேண்டும்.

சிறுத்தை கண்ணில் படாமல் வாழத் தெரிந்த விலங்கு, மும்பையில் அடுக்குமாடிகளுக்கு நடுவிலேயே வாழ்கிறதே என்பது அடுத்த வாதம். மும்பையைக் காட்டுகிறவர்கள் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் சுற்றுவட்டாரத்திலும் 2015இல் தானியங்கிக் கேமராக்களை வைத்து, உடற்புள்ளிகளின் அமைப்பை வைத்தே ஒன்றையொன்று பிரித்து 35 சிறுத்தைகளை எண்ணினார்கள். சாலையில் அடிபட்டுச் செத்தவை உண்டு, குடியிருப்பின் கண்காணிப்புக் கேமராவில் நாயைத் தூக்கிக்கொண்டு போனவை உண்டு. மனிதர் கண்ணுக்கு அரிதாகப் படும் விலங்கு, தடயமே வைக்காத விலங்கு ஆகிவிடாது. அமெரிக்காவில் 2011 ஜூன் மாதம் கனெக்டிகட் மாநிலத்து மில்ஃபோர்டில் ஓர் ஆண் பூமா காரில் அடிபட்டுச் செத்தது. பூமா அற்றுப்போய் நெடுங்காலமான பகுதி அது. டி.என்.ஏ. சோதனையில், அது 2,400 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே உள்ள தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி இனம் என்று தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. வழியில் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் முன்பே சேகரித்து வைத்திருந்த எச்சமும் முடியும் அதே தனி விலங்கினுடையவை என்றும் தெரியவந்தது. தன்னந்தனியாக நடந்துபோன ஒரே ஒரு பூனை, அத்தனை தடயத்தை விட்டுச்சென்றிருக்கிறது. பிரிட்டனோ வேலிக்கு வேலி மனிதர் நடக்கும், சாலையில் செத்த வளைக்கரடியைக்கூடக் கணக்கெடுக்கும் நாடு.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பார்த்ததாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி கறுப்பு. கறுப்புப் பூமா என்று உறுதிசெய்யப்பட்ட ஒன்று உலகில் எங்குமே கிடைத்ததில்லை. சிறுத்தைகளில் பத்தில் ஒன்றைச் சற்றே மிஞ்சும் அளவுக்குத்தான் கறுப்பு உண்டு. வளர்த்தவர்கள் பகட்டுக்காகக் கருஞ்சிறுத்தையையே விரும்பி வாங்கினார்கள், இரண்டு கறுப்பு சேர்ந்தால் குட்டியும் கறுப்பாகவே பிறக்கும் என்று பதில் வரும். மரபியல் கணக்குப்படி அது சரிதான். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் பூமா இருக்கிறது, லிங்க்ஸ் இருக்கிறது, காட்டுப்பூனை இருக்கிறது. கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் கருஞ்சிறுத்தை மட்டும் இல்லை. பிரிட்டனில் எங்கும் நிறைந்திருக்கும் கறுப்புப் பூனை, வீட்டுப் பூனைதான். இதில் சந்தேகவாதிகளுக்கும் ஒரு குட்டு விழுந்ததுண்டு. 1984இல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் ஊரருகே கண்ணியில் நீண்ட கால்களோடு ஒரு கறுப்புப் பூனை சிக்கியது. அப்படியொரு பூனை அதுவரை கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அது அந்நாட்டுக் காட்டுப்பூனைக்கும் வீட்டுப்பூனைக்கும் பிறந்த கலப்பு என்று பின்னர் தெளிவாயிற்று. கதைக்குப் பின்னால் விலங்கு இருந்தால் அது எப்படி முடியும் என்பதற்குக் கெல்லாஸ் நல்ல எடுத்துக்காட்டு.

பார்த்தவர்களையெல்லாம் 'மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பலர் மிரளவே இல்லை. நின்று நிதானமாகப் பார்த்தவர்கள். 2012 ஆகஸ்டில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து செயின்ட் ஓசித் ஊரருகே விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் வயலில் சிங்கம் என்று சொன்னார்கள், புகைப்படமும் எடுத்தார்கள். போலீஸ் ஹெலிகாப்டர் பறந்தது, விலங்குக்காட்சிசாலை நிபுணர்கள் வந்தார்கள். கடைசியில் அது பக்கத்து வீட்டு மேன் கூன் இனப் பூனை என்றே பலரும் முடிவுக்கு வந்தார்கள். சொன்னவர்களில் பொய்யர் யாருமில்லை. வெட்டவெளியில் அளவு காட்ட மரமோ வேலியோ இல்லாதபோது, தூரத்தைத் தப்பாக மதித்தால் உருவமும் அதே விகிதத்தில் பெருத்துவிடும். சாட்சிகளின் எண்ணிக்கை கூடினால் இந்தப் பிழை குறையாது. எல்லோருக்கும் ஒரே திசையில் நிகழும் பிழை அது.

2024இல் வந்த செய்தி இவற்றைவிடக் கனமானது. கம்ப்ரியா மாவட்டத்தில் செத்துக்கிடந்த ஓர் ஆட்டின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில், சிங்கமும் சிறுத்தையும் அடங்கிய பாந்தெரா பேரினத்தின் டி.என்.ஏ. இருந்ததாக வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சொன்னார். இதைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஒரு மாதிரி ஒரு விலங்கைத்தான் காட்ட முடியும். தப்பிய விலங்குகள் உண்டு என்பதில் யாருக்கும் தகராறில்லை. இன்னோர் இடத்தில், இன்னொரு தனி விலங்கின் மாதிரி, அதற்கும் இதற்கும் தாய்பிள்ளை உறவு என்று காட்டும் சோதனை என வந்தால் என் வாதம் விழுந்துவிடும், விழ வேண்டியதுதான்.

2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கெயர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில், கிங்யூசி ஊருக்கருகே யாரோ சட்டத்துக்குப் புறம்பாக லிங்க்ஸ்களை விட்டுவிட்டார்கள். பனி மூடிய, பிரிட்டனிலேயே மக்கள் நெருக்கம் குறைந்த பகுதிகளில் ஒன்று. 8ஆம் தேதி இரண்டு கண்ணில் பட்டன, மறுநாளே பிடிபட்டன. அடுத்து இன்னும் இரண்டு வெளிப்பட்டு, அவையும் பிடிபட்டன. நான்கில் ஒன்று செத்துப்போனது. அவை மனிதர் கையில் வளர்ந்தவை, வேட்டையாடத் தெரியாமல் சாப்பாட்டுக்கு ஏங்கி வந்தவை, ஆகவே இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று பெரும்பூனை ஆதரவாளர்கள் சொல்வார்கள். அவர்கள் கதைப்படி 1976இல் காட்டுக்குள் விடப்பட்டவையும், ஹாரட்ஸ் கடையில் வாங்கி, கிண்ணத்தில் இறைச்சி வைத்து, வீட்டுக்குள் வளர்க்கப்பட்ட பூனைகள்தாம்.