சேணத்தின் நிறம் யாருடையது?



குதிரையில் ஏறியவர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. சில குதிரைகளின் பெயர்களும் நமக்குத் தெரியும். குதிரையின் முதுகுக்கும் ஏறியவருக்கும் நடுவே கிடந்த தோலைப் பதனிட்டவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அந்தத் தோலையும், அதன் மங்கிப்போன நிறத்தையும் பற்றி இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம்.

இந்தக் கதை நடந்த ஊர் கான்பூர். 1857 எழுச்சிக்குப் பிறகு, குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் வேண்டிய சேணங்களையும் வார்களையும் இங்கேயே செய்துகொள்ள ஆங்கிலேய அரசு முடிவு செய்தது. 1860களில் கான்பூரில் அரசுச் சேணத் தொழிற்சாலை வளர்ந்தது. 1880களில் கூப்பர் ஆலன் பூட்ஸ் ஆலை வந்தது. ஆலைகள் புதியவை என்றாலும், தோலின் குணம் அறிந்த கைகள் பழையவை. அவை சமார் மக்களின் கைகள். செத்த மாட்டைத் தூக்குவதும், தோலை உரிப்பதும், பதனிடுவதும் அவர்கள் தலையில் சாதி கட்டிய வேலை. அந்த வேலையைச் சொல்லியே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.

‘அழுக்கு வேலை’ என்று சொல்லப்பட்ட அந்த வேலையின் உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்போம். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியும் சவ்வும் நீக்கிய தோல் பட்டைக் குழிக்குப் போகும். வடக்கே கருவேலம்பட்டை, நம் பக்கம் ஆவாரம்பட்டை. பட்டையின் துவர்ப்பு வாரக்கணக்கில் தோலின் நாருக்குள் இறங்கி அதை அழுகாமல் காக்கும். நிறத்தின் அடித்தளமும் அப்போதே விழுந்துவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதைக் குறைக்கக் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் முக்கி எடுத்தார்கள். சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குப் போன தோல்களுக்கு மதிப்புத் தந்தது இந்தப் பக்குவம். துருப்பிடித்த இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்துத் தடவினால், துவர்ப்பேறிய தோல் கறுத்துவிடும். இது வேதியியல். பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்கள் கைப்பழக்கமாகக் காத்துவந்த வேதியியல்.

சேணத்தின் நிறம் ஏன் மங்குகிறது? வெயில் சாயத்தைத் தின்கிறது. குதிரையின் வியர்வை உப்பு தோலுக்குள் ஏறுகிறது. அடிக்கடி கழுவினால் உள்ளே ஊட்டிய கொழுப்பும் எண்ணெயும் வெளியேறி, தோல் வெளுத்து வெடிக்கிறது. இன்னும் ஓட்டத்தில் இருக்கும் சேணம் என்றால், அதைச் சரிசெய்யும் முறை எளிது. ஈரத்துணியால் உப்பையும் அழுக்கையும் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் சாயத்தைத் தடவிச் சோதித்த பிறகு, மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்ற வேண்டும். அது காய்ந்தபின் கொஞ்சமாக எண்ணெய் ஊட்டித் தேய்க்க வேண்டும். தடித்த பெயின்ட் அடித்தால் தோல் மூச்சுமுட்டும், மடிப்பில் உரியும். தொட்டால் செம்பொடியாக உதிரும் அளவுக்கு இற்றுவிட்ட தோலை எந்தச் சாயமும் மீட்காது. அருங்காட்சியகங்களில் பழைய சேணங்களுக்குப் பெரும்பாலும் புதுச்சாயம் ஏற்றுவதில்லை. மங்கலும் தேய்மானமும் அந்தப் பொருளின் சாட்சியம் என்பதே காரணம்.

நாம் கேட்பது அந்தச் சாட்சியத்தின் மறுபாதியை. சேணத்தில் ஆலையின் முத்திரை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் அட்டையில் படைப்பிரிவும் அதிகாரியும் இருக்கிறார்கள். எந்தப் பட்டையில் பதனிட்டது, எந்தச் சமூகத்தின் கைகள் பதனிட்டவை என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் காணோம்.

அந்தக் கைகள் பேசாமல் இருந்துவிடவும் இல்லை. ஆலைக்கூலியும் தோல் வணிகமும் கான்பூர் தலித்துகளில் சிலருக்கேனும் நிலவுடைமையாளரின் பிடிக்கு வெளியே கால் ஊன்ற இடம் தந்தன. 1920களில் சுவாமி அச்சூதானந்தின் ஆதி இந்து இயக்கம் கான்பூரில் வேர்பிடித்ததை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ‘அச்சூத்’ என்றால் தீண்டத்தகாதவர். வசைச்சொல்லையே தன் பெயராக எடுத்துக்கொண்டு, இந்த மண்ணின் ஆதிக்குடிகள் நாங்கள் என்று அறிவித்தவர் அவர்.

ஆனால் சேணத்தைச் செய்தவர் அதில் ஏறலாமா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் குதிரையேறிய தலித் மணமகன்கள் மீது கல்லெறிகிறார்கள். காவல்துறைப் பாதுகாப்போடு ஊர்வலம் போகும் திருமணங்கள் செய்தியாகின்றன. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதையும் திருமண ஊர்வலத்தில் குதிரையேறுவதைத் தடுப்பதையும் ஒரே பிரிவில் குற்றமாக்கியது. செருப்பும் சேணமும் ஒரே கைகள் செய்தவை. இரண்டையும் அந்தக் கைகளுக்கு மறுத்ததும் ஒரே சாதிதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கான்பூரிலும் ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பட்டைக் குழியில் நின்ற முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பட்டை, எத்தனை நாள், எந்த நிறம் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த விடுபட்ட வரியைக் கேளுங்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டால், அதை மீட்க நம்மிடம் எந்தச் சாயமும் இல்லை.