கடல்மட்டமும் ஈர்ப்பும்: நம் துறை வளர்ந்த வரலாறு

செயற்கைக்கோள் வழிப் புவியளவியல் என்ற நம் துறைக்குப் பிறந்த ஆண்டு குறிக்கச் சொன்னால் 1958ஐக் குறிப்பதே முறை. அந்த மார்ச்சில் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத சிறு செயற்கைக்கோள். அதன் பாதையில் தெரிந்த பிசகுகளைக் கணக்கிட்ட ஜான் ஓகீஃப் குழுவினர், பூமி சற்றே பேரிக்காய் வடிவம் கொண்டது என்று 1959இல் அறிவித்தனர்.

அறுபதுகளில் வில்லியம் கௌலா, பாதைப் பிசகுகளிலிருந்து ஈர்ப்பைக் கணிக்கும் இம்முறைக்குக் கணித அடித்தளம் அமைத்தார். 1969இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ்டவுனில் அவர் தலைமையில் அறிஞர்கள் கூடினர். கடலின் மேற்பரப்பை விண்ணிலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். அன்றைய நிலையில் கோள் எந்த உயரத்தில் பறக்கிறது என்பதையே மீட்டர் கணக்கில் சொல்வது பெரும்பாடு. ரேடார் துடிப்பு கடலைத் தொட்டு மீளும் நேரத்திலிருந்து கிடைக்கும் தூரத்தைக் கோளின் உயரத்திலிருந்து கழித்தால்தான் கடல்மட்டம் தெரியும். அந்த உயரத்தைச் சரியாகக் கணிக்க ஈர்ப்புப் புலம் தெரிந்திருக்க வேண்டும். ஈர்ப்பும் கடல்மட்டமும் நம் துறையில் என்றும் பிரியாததற்குக் காரணம் இதுவே.

1973இல் ஸ்கைலாப் விண்ணகத்தின் ரேடார், போர்ட்டோ ரிக்கோ அகழிக்கு மேலே கடலே பல மீட்டர் தாழ்ந்திருப்பதைக் காட்டியது. 1975இல் ஜியோஸ்-3 சென்றது. 1978 ஜூனில் ஏவப்பட்ட சீசாட், கடலுக்கென்றே அமைந்த முதல் கோள். பல ஆண்டு உழைப்பில் உருவான அது 105 நாளில், மின்னமைப்பில் நேர்ந்த ஷார்ட் சர்க்யூட்டால் அடங்கிப்போனது. ஆனாலும் அந்தச் சில மாதத் தரவிலிருந்தே வில்லியம் ஹாக்ஸ்பி உலகக் கடல்களின் ஈர்ப்புப் படத்தை வரைந்தார்.

எண்பதுகள் காத்திருப்பின் காலம். 1985இல் ஏவப்பட்ட ஜியோசாட் அமெரிக்கக் கடற்படையுடையது. அதன் முதல் பதினெட்டு மாத அளவீடுகள் 1995 வரை முழுமையாக வெளிவரவில்லை. அமெரிக்கர் 'டோபெக்ஸ்' என்றும் பிரெஞ்சுக்காரர் 'போசைடான்' என்றும் தனித்தனியே தீட்டிய திட்டங்களுக்குப் பணம் போதவில்லை. 1987இல் இரண்டும் இணைந்தன. மிஷெல் லெஃபெவ்ரும் லீ-லுவெங் ஃபூவும் அந்த இணைப்பில் முன்னின்றனர்.

1992 ஆகஸ்ட் 10 அன்று கூரூவிலிருந்து அரியான் ஏவூர்தி டோபெக்ஸ்/போசைடான் கோளை ஏற்றிச் சென்றது. பாதைக் கணிப்பில் 13 சென்டிமீட்டர் பிழை அனுமதிக்கப்பட்டிருந்தது. கிடைத்ததோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிழைதான். 1997இன் எல் நினோவை அது பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நேர்ந்து இரண்டு மணி நேரத்தில், அதுவும் அதன் வாரிசான ஜேசன்-1உம் இந்தியப் பெருங்கடல் மீது பறந்து, ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரமே இருந்த சுனாமி அலையைப் பதிவு செய்தன. அந்தப் பதிவு எச்சரிக்கைக்கு உதவவில்லை. பின்னர் வந்த சுனாமிக் கணிப்பு மாதிரிகளுக்கு உரைகல்லானது.

ஈர்ப்பின் பக்கம், பைரன் டேப்லியும் கிறிஸ்டோஃப் ரைக்பரும் வழிநடத்திய 'கிரேஸ்' இரட்டைக் கோள்கள் 2002 மார்ச்சில் ப்ளெசெட்ஸ்க்கிலிருந்து புறப்பட்டன. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, அந்த இடைவெளி மைக்ரோமீட்டர் அளவில் மாறுவதை அளந்தன. கீழே நீரின் நிறை மாறினால் ஈர்ப்பும், அதனால் இந்த இடைவெளியும் மாறும். 2002 முதல் 2008 வரை வடமேற்கு இந்தியா இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்ற கணக்கு அதில் கிடைத்ததே. ஐந்தாண்டுக்கென்று சென்ற அவை, மின்கலங்கள் தளர்ந்த பின்னும் 2017 வரை உழைத்தன.

2009இல் சென்ற 'கோசே' சுமார் 255 கிலோமீட்டர் உயரத்திலேயே பறந்து ஈர்ப்பை இன்னும் நுணுக்கமாக வரைந்தது. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்திருக்கும் பள்ளம், உலகிலேயே ஆழமானது, அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிய இந்திய-பிரெஞ்சு 'சரல்', கா-அலைவரிசையில் கடலை அளந்த முதல் கோள்.

2018 மே மாதம் கிரேஸின் வாரிசுகள் சென்றன. 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6, அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்த கடலியல் அறிஞர் மைக்கேல் ஃப்ரைலிக்கின் பெயரைத் தாங்குகிறது. 2022 டிசம்பரில் புறப்பட்ட 'ஸ்வாட்' ஒரே கோடாக அளப்பதை விடுத்து 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கடலை வரைகிறது. அது புறப்பட்டபோது அதன் அமெரிக்கத் தரப்புத் திட்ட விஞ்ஞானியாக இருந்தவர் அதே லீ-லுவெங் ஃபூ.